கெண்டைக் குளத்தில் ஒரு முடிச்சு

ஆகஸ்ட் 7, வியாழன்

புழுக்கம். மேகம் கூடுவதும் கலைவதுமாக இருக்கிறது, ஒரு சொட்டு இல்லை. தண்ணீர் கம்பெனியில் காலை மூன்று சாம்பிள். உப்பளவு மூன்றிலும் சரி. மூன்றாவது தண்ணீர் கேனில் மட்டும் ஏதோ வாசனை. பகல் முழுக்க மண்டையைக் குடைந்தேன். கடைசியில் பார்த்தால் வாசனை என் விரலில்! காலையில் தொட்ட நார்த்தங்காய் ஊறுகாய்.

சாயங்காலம் கீர்த்தியை அழைத்துவரப் போனபோது டீச்சர் பிடித்துக்கொண்டார். "ஆன்சர் தெலுசு, செய்யி மாத்ரம் எத்தது." பதில் தெரிந்தும் கை தூக்குவதில்லையாம். எத்தனை நாளாக என்று கேட்டேன். ஜூனில் ஆறாம் வகுப்பு தொடங்கியதிலிருந்தே. எனக்கு இன்றுதான் தெரிகிறது. நல்ல அம்மா நான்.

காரணம் கேட்க வேண்டியதே இல்லை. மரு.

இன்றைய கணக்கு, வலது கை: ஆள்காட்டி விரலில் 1, நடுவிரல் நகத்தோரம் 2, கட்டைவிரல் அடியில் 1, உள்ளங்கை மேட்டில் 1 (புதுசு). மொத்தம் 5. தோல் டாக்டர் கொடுத்த மருந்தைத் தடவி மூன்று மாதம். ஒன்று போனது, இரண்டு வந்தது. டீச்சர் சொன்னது: வரிசையில் நிற்கும்போது ஒரு பெண் இவள் கையைப் பிடிக்க மாட்டேன் என்றாளாம், "ஒட்டிக்கும்" என்று. அன்றிலிருந்து கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு போகிறாள். நான் வியர்வைக்கு என்று நினைத்திருந்தேன்.

அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

நாளை மறுநாள் இரண்டாவது சனி, பள்ளி விடுமுறை. இவருக்கும் ஸ்ரீசிட்டி தொழிற்சாலையில் ஷிப்ட் இல்லை. திருப்பதியில் புதிதாகத் திறந்த மீன் காட்சியகத்துக்குப் போகலாம் என்றேன். கம்பெனியில் ஒருத்தி போய்விட்டு வந்து வாய் ஓயாமல் சொல்கிறாள், தலைக்கு மேல் மீன் போகுமாம். கீர்த்தி உடனே, "நெஜமாவாம்மா? தல மேலயா?" கைக்குட்டை அவிழ்ந்து விழுந்ததுகூடத் தெரியாமல் குதித்தாள்.

எடுத்துப்போக: புளி சாதம், தண்ணீர், குடை, பஸ்ஸில் வாந்திக்கு எலுமிச்சை (இவருக்கு).


ஆகஸ்ட் 8, வெள்ளி

வெயில். மதியம் நகரியிலிருந்து அண்ணி வந்துவிட்டார், இவருடைய அக்கா கோமளா. மீன் பார்க்கப் போகிறோம் என்று இவர் போனில் உளறியதன் விளைவு. நல்லவர்தான். வந்த கால் மணி நேரத்தில் என் சமையலறையில் மூன்று டப்பாவை இடம் மாற்றிவிட்டார்.

கீர்த்தி கையைப் பார்த்ததும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "இன்னா புனிதா, இவ்ளோ நாளா டாக்டராண்டயே போய்க்கினு இருக்கே? கொளத்துல வெல்லம் போட்டா வெல்லம் கரையறாப்பல கரஞ்சிபுடும்!"

தெரிந்த வழக்கம்தான். வெல்லம், உப்பு, மிளகு. கோயில் குளத்தில் போட வேண்டும். அண்ணி கையோடு கொண்டுவந்திருந்த மஞ்சள் துணியில் மூன்றையும் வைத்து முடிச்சுப் போட்டார். போகிற வழியில் ஒரு கோயில் குளம் இருக்கிறது, அங்கே இறங்கிப் போட்டுவிட்டு மீன் பார்க்கப் போகலாம் என்று ஏற்பாடு.

விதிகள் (கீர்த்திக்கு அண்ணி சொன்னது, நான் அரிசி களைந்துகொண்டே கேட்டது):

மரு இருக்கிறவள்தான் போட வேண்டும், அதே கையால்.
போட்டதும் திரும்பிப் பார்க்கக் கூடாது.
யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் போகாது.

"அம்மாகிட்ட கூடவா அத்த?"

"நைனாகிட்ட, அம்மாகிட்ட, யார்கிட்டயும். வாயத் தொறந்தியோ, அவ்ளோதான்."

இது வைரஸ் அண்ணி, தானாகவே ஒரு நாள் போகும், அப்போது குளம்தான் போக்கியது என்பீர்கள் என்றேன். "நீ தண்ணிய மிசினு வெச்சிப் பாக்கறவ, ஒனக்கு இன்னா தெரியும்" என்றார். நியாயமாகப் பார்த்தால் தண்ணீரைப் பற்றி எனக்குத்தானே தெரியும்.

ஆனாலும் போனில் தேடிப் பார்த்தேன். நம்பிக்கையாலேயே சிலருக்கு மரு போனதாகச் சொல்கிறார்கள், சிலர் அதெல்லாம் இல்லை என்கிறார்கள். தோலுக்கு எப்படி நம்பத் தெரியும்? ஆர்வமாகிவிட்டது. போட்டுப் பார்க்கட்டும், என்ன குறைந்துவிடும்?


ஆகஸ்ட் 9, சனி

காலை மூடாக்கு, பிறகு வெயில் கொளுத்தியது. புத்தூரில் ஏழரை பஸ். வடமாலப்பேட்டை தாண்டுவதற்குள் எலுமிச்சை தேவைப்பட்டது.

குளத்தருகே பஸ்ஸை விட்டு இறங்கினோம். தண்ணீர் இல்லை! தூர் வாருகிறார்களாம், சுற்றிலும் தகரம் அடித்திருந்தது. இடுக்கு வழியாகப் பார்த்தேன். சேறு, ஒரு கொக்கு, ஒற்றைச் செருப்பு. அண்ணி முகம் தொங்கிப்போனது. "சரி, காணிப்பாக்கம் போம்போது பாத்துக்கலாம்." கீர்த்தி முடிச்சைத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

காட்சியகம். எங்கிருந்து எழுத! கை வலிக்கிறது, இருந்தாலும்.

உள்ளே இருட்டு, குளிர். தொட்டிகள் மட்டும் வெளிச்சம். முதல் தொட்டியில் வாலால் புல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கடல் குதிரை. ஆண்தான் குட்டி சுமக்குமாம். பலகையை இவருக்கு உரக்கப் படித்தேன். இவர் அடுத்த தொட்டிக்கு நகர்ந்துவிட்டார். மல்லாந்து நீந்தும் கெளுத்தி. அதைப் பார்க்க நானும் தலையைச் சாய்த்தேன், கழுத்தில் பிடித்துக்கொண்டது. முதலை வாய் வைத்த மீன் ஒன்று அரை மணி நேரமாக அசையவில்லை. பொம்மை என்று இவர் சொன்னார், அப்போது பார்த்துக் கண்ணை உருட்டியது. இவர் ஓரடி பின்னால்.

கண்ணாடிக் குகை. உண்மையாகவே தலைக்கு மேல். திருக்கை போனது, அடியிலிருந்து பார்த்தால் சிரிக்கிற முகம். அது முகம் இல்லையாம், மூக்கும் வாயுமாம். கண் மேல் பக்கம் இருக்கிறதாம். எத்தனை வருஷமாகக் குழம்பு வைக்கிறேன், ஒரு நாளும் இதைக் கவனிக்கவில்லை.

காதில் விழுந்தவை:
"அம்மோ, எந்த பெத்த சேப்ப!" (எவ்வளவு பெரிய மீனாம்.)
"இது வறுத்தா நல்லாருக்குமா, கொழம்பா?" (அண்ணி. ஆடி என்று மூன்று வாரமாக மீனைத் தொடாதவர்.)
"மீனுக்குத் தாகம் எடுக்குமா நைனா?" (கீர்த்தி. இவர் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. தேட வேண்டும்.)

கீர்த்தி கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்திருந்தாள். ஒரு சின்ன மஞ்சள் மீன் அவள் விரல் விரலாக வந்து கொத்திப் பார்த்தது, மருவிருந்த விரலையும் விடாமல். கைக்குட்டை பைக்குள் போய்விட்டது. 

கடைசியில் திறந்த குளம். யார் யோசனையோ, அச்சு அசலாகக் கோயில் குளம் மாதிரியே கட்டியிருக்கிறார்கள். நான்கு பக்கமும் கல் படி, நடுவில் நாலுகால் மண்டபம், கைப்பிடிச் சுவரில் காவியும் சுண்ணாம்புமாகப் பட்டை. உள்ளே சிவப்பும் வெள்ளையுமாகக் கெண்டைகள், ஆள் நிழல் பட்டாலே வாயைத் திறந்துகொண்டு கூட்டமாக வருகின்றன. தீனி போடாதீர்கள் என்று தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் பலகை. தண்ணீருக்கடியில் காசு மின்னியது, போட்டவர்கள் போட்டிருக்கிறார்கள். அண்ணி படியைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டார். ஒரு கை தண்ணீர் எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டார்.

நான் பலகை படித்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கினால், கீர்த்தி கடைசிப் படியில் குந்தியிருந்தாள். வலது கை மணிக்கட்டு வரை தண்ணீரில். எழுந்தாள். நேராக நடந்து வந்தாள், ஒரு தடவைகூடத் திரும்பாமல். அப்படியொரு முகம் அவளுக்கு நான் பார்த்ததே இல்லை. பரீட்சையில் கடைசிக் கேள்வியையும் எழுதி முடித்த முகம்.

தெரிந்துவிட்டது எனக்கு.

மீன்கள் ஒரே இடத்தில் மொய்த்தன. அங்கே வேலை செய்யும் பெண், சட்டையில் லாவண்யா என்று பெயர், ஓடி வந்தாள். "ஐயோ, எவரு வேசாரு?" யார் போட்டது என்று சுற்றி நின்ற எல்லாரையும் பார்த்துக் கேட்டாள். அண்ணி வானத்தைப் பார்த்தார். நானும் பேசவில்லை. சொன்னால் பலிக்காது என்று நான் நம்பினேனா? இல்லை. அவள் முகத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. அதோடு பத்துப் பேர் முன்னால் வெட்கம். அதையும் எழுதிவிடுகிறேன்.

வெளியே வந்து புளி சாதம். ருசியே இல்லை. உப்பு குறைவு என்று இவர் சொன்னார்.


ஆகஸ்ட் 10, ஞாயிறு

விடிகாலை தூறல். வாசல் தெளிக்கிற வேலை மிச்சம்.

காபியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். குளம் பக்கத்துக்குப் பன்னிரண்டு அடி, ஆழம் இரண்டடி இருக்கும். எட்டாயிரம் லிட்டர் என்று வைக்கலாம். வெல்லம் ஒரு எலுமிச்சை அளவு. ஒன்றுமே இல்லை, என் மீட்டரில் காட்டவே காட்டாது. உப்பு? கெண்டை வளர்ப்பவர்கள் நோய்க்கு உப்பே போடுகிறார்களாம், படித்தேன். மிளகு பற்றி எங்கும் இல்லை. நிம்மதியாக இரண்டாவது காபி குடித்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. துணி.

கீர்த்தி பையை உதறினேன். டிக்கெட், கைக்குட்டை, கடலை மிட்டாய்த் தாள். மஞ்சள் துணி இல்லை. முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே போட்டிருக்கிறாள்! இங்கே எல்லாரும் அப்படித்தானே போடுவார்கள், நேர்ந்த முடிச்சை யார் அவிழ்ப்பார்கள்? கோயில் குளத்தில் அது பாசியோடு பாசியாகக் கிடக்கும். அங்கேயோ அந்தக் கெண்டைகள் வாயில் கிடைத்ததை விழுங்குகிறவை. தண்ணீரைச் சுற்றவிடும் மோட்டார் வேறு ஓடுகிறது.

காட்சியகத்து எண்ணுக்கு நான்கு முறை அடித்தேன். எடுக்கவில்லை. இவரிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதவோரம் கீர்த்தி.

"துணிய துன்னுட்டா மீனு செத்துப்பூடுமா?"

தெரியல கண்ணு என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

குளிக்கவில்லை, இட்லியைத் தொடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பத்து மணிக்கு வந்து, "அங்க போலாம்மா" என்றாள்.

அண்ணி பாய்ந்தார். "இன்னாத்துக்கு? ஏழுமல, நீயாச்சும் சொல்லுடா. போய் சொல்லிட்டா போட்டதே வீணு. அப்பறம் ஜென்மத்துக்கும் கையி அப்படியேதான் இருக்கும்." இவர் சட்டையை மாட்டிக்கொண்டே, "வர்றதுன்னா வா, இல்லாட்டி ஊட்ல இரு அக்கா" என்றார். என் கல்யாணத்துக்குப் பிறகு அக்காவை அவர் எதிர்த்துப் பேசியது இதுதான் முதல். அண்ணி முணுமுணுத்துக்கொண்டே புடவை மாற்றினார்.

பஸ்ஸில் கீர்த்தி ஜன்னலோரம். நான் யோசித்துவிட்டேன்: நான் போட்டதாகச் சொல்லிவிடலாம். அவள் வாயைத் திறக்க வேண்டாம், அவள் நம்பிக்கை அவளிடமே இருக்கட்டும். காதில் சொன்னேன், "நீ ஒண்ணும் பேச வேணாம். அம்மா பாத்துக்கறேன்." தலையாட்டினாள். ஆட்டிய மாதிரிதான் இருந்தது.

திறந்த குளத்தில் பாதித் தண்ணீர் இறைத்திருந்தார்கள். மோட்டார் நின்றிருந்தது. ஓரத்தில் பெரிய நீலத் தொட்டி, காற்றுக் குழாய் விட்டு, அதில் ஒரே ஒரு வெள்ளைக் கெண்டை, தலையில் சிவப்புப் பொட்டு. ஒருக்களித்துக் கிடந்தது. செவுள் மட்டும் அசைந்தது. லாவண்யா பக்கத்தில் முழங்கால் வரை நனைந்து நின்றாள். ஒரு அதிகாரி அவள் முகத்துக்கு நேரே மஞ்சள் துணியை ஆட்டிக்கொண்டிருந்தார். மோட்டார் வலையை அடைத்துவிட்டதாம், இரவெல்லாம் தண்ணீர் ஓடவில்லையாம். நீ பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தானே போட்டார்கள், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று தெலுங்கில் கத்தினார். அவள் மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் வந்து நின்றது தெரியாமல், யாரைக் கேட்கிறோம் என்ற நினைப்பும் இல்லாமல், அவர் இன்னும் சத்தமாக, "எவரு வேசாரு இதி?"

நான் தொண்டையைச் செருமினேன். முதல் சொல் வாய்க்கு வந்துவிட்டது.

அதற்குள் பக்கத்தில் ஏதோ அசைந்தது. அண்ணி "ஏய் கீர்த்தி, வாணாண்டி" என்று தாவிப் பிடிக்கப் பார்த்தார், எட்டவில்லை. எனக்கு முன்னால் ஒரு படி இறங்கி, டீச்சர் கேள்வி கேட்டால் நிற்பது போல நிமிர்ந்து நின்றுகொண்டு, "நேனே வேசானு சார்" என்று கை தூக்கினாள்.

கைக்குட்டை இல்லை. விரல் ஐந்தையும் விரித்திருந்தாள். வலது கை.