மணி அடிக்காத வீடு

எர்லாங்கன், மேற்கு ஜெர்மனி
14.11.1971, ஞாயிறு, காலை 9.40

அன்புள்ள அப்பாவுக்கு,

நடேசன் எழுதுவது. நான் நலம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

ஊரை விட்டுச் சென்னையில் அக்கா வீட்டுக்குப் போய்விடுங்கள் என்று இதுவரை ஏழு கடிதம் எழுதியிருக்கிறேன். ‘பெண் கொடுத்த வீடு என்றெல்லாம் பார்க்காதீர்கள், அம்மாவும் போன பிறகு அங்கே என்ன இருக்கிறது’ என்று கேட்டதும் நான்தான். நேற்று உங்கள் பதில் வந்தது. “சரி. தையில் வீட்டை விற்றுவிடுகிறேன்.” அவ்வளவுதான். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

சாயங்காலம் ஒரு சின்ன விஷயம் நடந்தது, கவலைப்பட ஒன்றுமில்லை. நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரருடைய அப்பா ஹெர்மான், கிராமத்துப் பண்ணையை விற்றுவிட்டு இங்கே மகனோடு இருக்க வந்தவர். நான் சைக்கிளில் திரும்பியபோது கையில் சாவி இல்லாமல், மழையில் நனைந்தபடி வாசலில் நின்றிருந்தார்.

“மணி அடிக்க வேண்டியதுதானே, பெரியவரே?”

“அடிச்சா திறப்பாங்க தம்பி, நல்ல பிள்ளைங்கதான். ஆனா என் வீட்டுக்குள்ள நான் மணி அடிச்சுப் போனதே இல்லை. அதான், யாராவது வரட்டும்னு நின்னேன்.”

அவரை உள்ளே விட்டேன். அக்கா வீட்டு மாடிப்படியில் நீங்கள் நிற்பதுதான் கண்ணில் வந்தது.

இனிமேல் ‘சரி’ என்று மட்டும் எழுதாதீர்கள். கிணற்றில் எவ்வளவு தண்ணீர் என்றாவது எழுதுங்கள். தாளில் இடமில்லை. செய்யப்போவது:

1. நாளைக் காலை உங்களுக்குத் தந்தி: வீட்டை விற்க வேண்டாம்.
2. அக்காவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். திட்டுவாள், திட்டட்டும்.
3. தைக்கு லீவு போட்டு வருகிறேன். அம்மாவின் காரியத்துக்குத்தான் வரவில்லை.
4. கதவைத் தட்ட மாட்டேன். திறந்தே வையுங்கள்.