தவக்காலத்தில் தேறியவளுக்கு

அக்கா,

பிரேசர் டவுன் பேக்கரியில் காலை ரொட்டி வெந்து இறங்கும் வாசனைக்கு ஊரே நாக்கைச் சப்புக்கொட்டுகிறது. நான் மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் நடக்கிறேன். உன்னைக் கொண்டுபோன வாசனை அது. போன மாதம்தான் எனக்கே தெரிந்தது.

உனக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம் பேதி தொடங்கியது. வயிறு உப்பிக் கைகால் குச்சியாகிவிட்டது. "ஒரு வாய் சோறு போடும்மா" என்று கெஞ்சுவாய். "சோறு கனம்டி. வயித்துக்கு ரொட்டிதான் லேசு, டாக்டரே சொல்லிட்டாரு" என்பாள் அம்மா. பாலில் தோய்த்து ஊட்டினோம். மறுநாள் இன்னும் மோசமாகும், இன்னும் ஒரு துண்டு ஊட்டுவோம்.

அப்போதுதான் தவக்காலம் வந்தது, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு. எதையாவது விட்டு மாதாவிடம் வேண்டிக்கொள் என்றார்கள். "ரொட்டியை விடறேன்" என்றாய், என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தபடி. கள்ளி! மாதாவுக்கு நேர்ந்துகொண்டதை அம்மா எப்படித் தடுப்பாள்? தவக்காலம் முழுக்க ரொட்டி இல்லை; முதலில் அரிசிக் கஞ்சி, பிறகு சோறு. பேதி நின்றது. மாதா கோயிலுக்கு நடந்தே வந்தாய். "மாதா கண் தொறந்துட்டாங்க" என்று தெருவெல்லாம் சொல்லி வந்தாள் அம்மா.

நோன்பு முடிந்த உயிர்த்த ஞாயிறன்று அப்பா சந்தோஷத்தில் கூடை நிறைய பன் வாங்கி வந்தார். நேர்ந்துகொண்டவள் நீதான் முதலில் சாப்பிட வேண்டும் என்று எல்லாரும் சுற்றி நின்றோம். சிரித்துக்கொண்டே தின்றாய். அன்றிலிருந்து மறுபடி ரொட்டி, மறுபடி பேதி. மழைக்காலம் முடிவதற்குள் உன்னைக் கல்லறைக்குத் தூக்கிப்போனோம்.

இப்போது என் மகளுக்கும் அதே வயிறு. "குடலுக்குள்ள டர்க்கி டவல் மாதிரி பிசிறு பிசிறா இருக்கும்மா. சத்தை அதுதான் உறிஞ்சும். சிலருக்குக் கோதுமை பட்டா அது தேஞ்சுபோயிடும். அப்புறம் எவ்வளவு தின்னாலும் உடம்புல ஒட்டாது" என்றார் டாக்டர். "கோதுமையை நிறுத்துங்க, போதும்."

"அவ்வளவுதானா டாக்டர்?"

"அவ்வளவுதாம்மா. உங்க வீட்டுல வேற யாருக்காவது இருந்துச்சா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். பேத்தி தேறியதையும் மாதாவின் புதுமை, அற்புதம் என்கிறாள். நானும் ஆமாம் என்கிறேன். பிள்ளையின் கன்னம் ஒவ்வொரு வாரமும் உப்பி வருகிறது. ஊரெல்லாம் பார்த்துப் பூரிக்கிறது. அதைப் பார்க்கப் பார்க்க, உன் கன்னம் ஒட்டிக்கொண்டே போவதுதான் என் கண்ணுக்குத் தெரிகிறது, அக்கா.