ரயில்மேட்டுச் சாமி

என் ஆசை மாமாவுக்கு,

யாரிடமும் சொல்லாதே என்று நீ சொன்ன ரகசியத்தை ஊரார் முன்னால் போட்டு உடைத்துவிட்டேன். திட்டுவதற்கு முன்னால் முழுதும் கேள்.

சாலவாக்கம் பக்கத்து மலையில் உடைத்த கல்லை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோக வெள்ளைக்காரன் போட்ட லைன் என்பாயே, அதில் தண்டவாளம் போய் எத்தனை காலம்! ஏரிக்கரையை ஒட்டி, வயல்களுக்கு நடுவே போகும் மண்மேடு மட்டும்தான் மிச்சம். காலனியில் யார் செத்தாலும் இடுகாட்டுக்குத் தூக்கிப்போக நமக்கிருக்கும் ஒரே வழியும் அதுதான். போன மாதம் வயல்காரர் ஒருவர் அதன் குறுக்கே வேலி போட்டுவிட்டார். இங்கே ரயிலே ஓடவில்லை, இது என் பட்டா நிலம் என்று சாதித்தார்.

அளக்க வந்த சர்வேயர், "ரயில் போன இடம்னா அது சர்க்கார் நிலம். அடையாளம் எதனா இருந்தா காட்டுங்க" என்றார்.

எனக்குத்தான் தெரியுமே. நாம் பாடையை இறக்கி வைத்துக் கும்பிடுகிற கல், சாமி இல்லை. ரயில்காரன் நட்ட மைல்கல். லைனில் வேலை செய்த உன் தாத்தா உனக்குச் சொன்னது. "ஊர்ல சொல்லிடாதடி, அப்பறம் எத்தக் கும்புடுவாங்க?" என்று சிரித்தாயே.

தேங்காய் நாரை எடுத்து, கல்மேல் அப்பியிருந்த மஞ்சளைத் தேய்க்க உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா ஓடி வந்தாள். "இன்னாடி பண்ணிக்கினு கீற? சாமி கண்ணக் குத்திடும்!"

நான் விடாமல் தேய்த்தேன், மாமா. அடியில் இங்கிலீஷ் எழுத்தும் ஒரு எண்ணும் தெரிந்தன. சர்வேயர் அதைக் குறித்துக்கொண்டு, இது சர்க்கார் நிலம்தான் என்றார். கொஞ்ச நேரம் அழுத கன்னியம்மா, அவளே புது மஞ்சள் குழைத்து வந்து பூசினாள். "ரயில்காரன் நட்டா இன்னா? வயிய மீட்டுக் குடுத்துச்சே, அது சாமிதான்."

சர்வேயர் வழி எங்கே முடிகிறது என்று கேட்டார். ஆண்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். பெண்கள் கல்லைத் தாண்டி வரக் கூடாது என்று சொல்லித்தானே, உன்னைத் தூக்கிப்போன அன்றைக்கு என்னை அங்கேயே திருப்பி அனுப்பினார்கள்? நான் டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு கல்லைத் தாண்டி நடந்தேன். மேடு முடியும் இடத்தில், வேப்பமரத்தடியில், உன்னைப் புதைத்த இடத்தில் நீ இருந்தாய். இவ்வளவு பக்கத்திலா இருந்தாய், மாமா?

இனி அமாவாசைதோறும் நானே வருவேன். யார் தடுத்தாலும் வருவேன்.

உன் மாமன் மகள்,
தனம்