நீலத் தண்ணீரில் பூத்த கல்வாழை

என் அருமை மச்சானுக்கு,

நீ இருக்கும் இடத்தில் தண்ணீர் எந்த நிறம்? இங்கே மேற்கு மாம்பலத்தில் உன் நீலச் சாயப்பட்டறையிலிருந்து இப்போது நிறமே இல்லாத தண்ணீர் வெளியே போகிறது. நம்ப மாட்டாய்.

நீ கண்ணை மூடிய ஆறாம் மாதம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. கழிவுநீரைச் சுத்தம் பண்ணாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு. உன்னைக் கட்டிய என் தங்கை சரோஜா உன் வேட்டிகள் இருந்த பெட்டியில் அந்தக் காகிதத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எட்டாவது வரை சயின்ஸ் படித்தவன் நம் குடும்பத்தில் நான் ஒருத்தன்தானே.

படிகாரம் போட்டால் துணியில் சாயம் பிடிக்கிறது. வெறும் தண்ணீரில் போட்டால் சாயம் எதைப் பிடிக்கும்? திரண்டு அடியில் உட்காரும் என்று நானே கண்டுபிடித்தேன். நோட்டீஸ் கொண்டுவந்தவரும் அதையே சொன்னார், நான் சொன்ன பிறகுதான். கூடவே சுண்ணாம்பு. தெளிந்த தண்ணீரை ஜல்லித் தொட்டியில் விட்டு அதில் கல்வாழை நட்டால் மிச்சத்தை வேர் பார்த்துக்கொள்ளும்.

எனக்குத் தாராளக் கை. வெள்ளையடிக்கிற மாதிரி சுண்ணாம்பைக் கொட்டினேன். தண்ணீர் கண்ணாடியாய்த் தெளிந்தது. நட்ட நாலே நாளில் கல்வாழை கருகியது.

"வாயாலயே சுத்தம் பண்ணிக்கினு இருந்தியே, இப்போ செடி இன்னா சொல்லுது?" என்றாள் சரோஜா.

"வெயிலு, சரோ."

"வெயிலா? இரு."

மஞ்சளில் தோய்த்த கிழிசல் துணியைக் கொண்டுவந்து தொட்டியில் முக்கினாள். ஆரத்தித் தட்டு மாதிரி சிவந்துபோனது.

"மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு போட்டா செவக்குமே, எத்தினி கல்யாணத்துல பாத்துக்கீற? அவ்ளோ சுண்ணாம்பு கொட்டிக்கீறண்ணே."

துணி மஞ்சளாகவே நிற்கும்வரை சுண்ணாம்பைக் குறைத்தாள். புதுக் கல்வாழைக் கிழங்கு நட்டோம். போன வாரம் அதிகாரி வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போனார். நேற்று கடிதம் வந்தது. பட்டறை நடக்கலாம்.

கல்வாழையும் பூத்துவிட்டது. நீலத் தண்ணீரைக் குடித்து நீலமாகவே பூத்தது என்று தி.நகர் ஜவுளிக்கடை வரை சொல்லிவிட்டேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், சிவப்புதான்.

அப்போது அந்த நீலம் எங்கே போனது? பாதி, அடியில் தங்கிய சேற்றோடு மூட்டையில் கிடக்கிறது. மீதி? கால்வாயில் கொட்டும்போதெல்லாம், "இந்தக் கலரெல்லாம் எங்க போவுது மச்சான்?" என்று கேட்பாயே. கடலுக்கு என்று அடித்துவிடுவேன். தெரியாது மச்சான், இன்றைக்கும் தெரியாது.

தெரியும்வரை அந்த மூட்டையை அடையாற்றில் விட மாட்டேன். மஞ்சள் துணியைக் கேட்காமல் ஒரு கரண்டி சுண்ணாம்பும் போட மாட்டேன். இதில் மட்டும் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

உன் பட்டறைத் தண்ணீருக்குக் காவல் இருக்கும்
உன் மச்சான்,
கோவிந்தன்