பூஜையில் வைத்த கைப்பிடி

புரட்டாசி 23, ஞாயிறு

வெயில். காலை ஏழுக்கே சட்டை நனைந்துவிட்டது.

கைக்கட்டு பிரித்து மூன்று நாள். மணிக்கட்டு பழையபடி மடங்கவில்லை, போகட்டும். இரண்டு மாதத்துக்குப் பிறகு இன்று கார் வண்டியை எடுத்தேன். முன்னால் குனிந்து, எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் சொருகி, இடக்கையால் சுற்றினேன். மூன்றாம் சுற்றில் கிளம்பிவிட்டது. விசாலம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்ததெல்லாம் எனக்கு விரோதமாகத்தான் முடிந்திருக்கிறது.

லஸ் வழியாக மாம்பலம் வரை. வழியில்: தண்டவாளத்தின் நடுவே படுத்த எருமை, அதற்காக மணியடிக்கும் டிராம். தூங்கும் ஜட்காக்காரன் (குதிரை விழித்திருந்தது, ஆகவே புகார் இல்லை). பந்தயம் விட்ட இரண்டு பஸ். இவர்களுக்கெல்லாம் லைசென்ஸ் கொடுக்கிறார்கள். என்னைத்தான் வீட்டில் கேள்வி கேட்கிறார்கள்.

சாயங்காலம் ராஜு வந்தான், புது வண்டியில். நாலு பக்கமும் கண்ணாடி. அலமாரிக்குச் சக்கரம் வைத்த மாதிரி.

"அப்பா, இந்தக் காலத்துல யாராவது கையால சுத்துவாளா? பட்டனை அமுக்கினாப் போறும்."

"பாட்டரி செத்துப்போனா அந்தப் பட்டனைச் சட்டைக்குத் தெச்சுக்கோ."

பெற்ற பிள்ளை சிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள்.

புரட்டாசி 24, திங்கள்

ஆயுத பூஜை. வண்டியை நானே கழுவினேன். விளக்கு இரண்டுக்கும் சந்தனம், குங்குமம். ரேடியேட்டருக்கு மாலை. ஸ்பானர், டயர் நெம்பும் கம்பி, எண்ணெய்க்குப்பி, கைப்பிடி எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால். என் வித்தையும் வித்தைதானே. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கம்பெனிக்காரன் கொடுத்த இங்கிலீஷ் புஸ்தகத்தைப் படித்து, எஞ்சினை மூன்று தடவை பிரித்து மூன்று தடவை பூட்டியவன் நான்.

சுண்டல் நன்றாயிருந்தது. உப்பு ஒரு சிட்டிகை கூட.

புரட்டாசி 25, செவ்வாய்

விஜயதசமி. புனர்பூஜை ஆயிற்று. புஸ்தகங்களை எடுத்தாயிற்று, ஸ்பானர் எடுத்தாயிற்று. கைப்பிடியில் கை வைத்தேன்.

"அதைத் தொடாதேங்கோ."

"ஏன்?"

"ஒரு மண்டலம் பூஜையில வெக்கறதா வேண்டிண்டுட்டேன். நாப்பத்தெட்டு நாள். கபாலிக்கு."

"கபாலிக்கு எதுக்குடி கார் கைப்பிடி?"

"அது எனக்கும் அவருக்கும்."

ராஜுவோடு வாதம் செய்யலாம், போலீஸ்காரனோடு செய்யலாம். கபாலியோடு எப்படிச் செய்வது? திட்டம் போட்டு மடக்கிவிட்டாள். கைப்பிடி இப்போது படத்துக்குப் பின்னால், மேலே செம்பருத்தி வைத்து. கைப்பிடி இல்லாவிட்டால் வண்டி வெறும் தகரம்.

நடந்தே கச்சேரி ரோடு போய் மூக்குப்பொடி வாங்கி வந்தேன். கால் வலி.

புரட்டாசி 26, புதன்

மேகம். புழுக்கம்.

காலை திருவல்லிக்கேணிக்கு டிராமில், நின்றுகொண்டே. காதர் பாய் பட்டறை. பன்னிரண்டு வருஷமாக என் வண்டிக்குச் சாமான் அடித்துத் தருகிறவர். புதுக் கைப்பிடி ஒன்று அடித்துத் தரச் சொன்னேன். உலைத்துருத்தியை விட்டுவிட்டுத் தாடியைச் சொறிந்தார்.

"இன்னா சாமி, என்னிய மாட்டி வுடப் பாக்கறீங்க? அம்மா நேத்தே ஆள் அனுப்பிச்சு சொல்ட்டாங்கோ. கைப்பிடி கேட்டுக்கினு வருவாரு, குடுக்காதீங்க பாய்னு."

"வண்டி யாருடையது பாய்?"

"வண்டி உன்துதான் சாமி. வூடு அவங்கோளுதாச்சே."

பட்டறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். டீ வரவழைத்தார். குடித்துவிட்டு வந்தேன், வேறென்ன செய்ய.

இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை, ஆகையால் எழுதுகிறேன். ஆடி மாதம் கைப்பிடி திருப்பியடித்து மணிக்கட்டு முறிந்ததற்குப் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்ததுதான் காரணம் என்று ராஜுவிடம் சொன்னேன். டாக்டரிடமும் காதரிடமும் அதையே. அது பொய். ஸ்டியரிங் சக்கரத்தடியில் ஸ்பார்க் லீவர். சுற்றுமுன் அதைப் பின்னுக்குத் தள்ளவேண்டும். தள்ளாவிட்டால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும். முதல் நாள் கற்கும் பாடம். மறந்துவிட்டேன். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவை. யாருக்கும் வரும்.

புரட்டாசி 27, வியாழன்

மழை. வண்டிக்குப் படுதா கட்டினேன். விசாலத்தோடு பேச்சில்லை. ரசம் மட்டும் கேட்டேன்.

புரட்டாசி 29, சனி

நேற்று நடந்தது. எழுத முடியவில்லை, இன்று எழுதுகிறேன்.

விடாத மழை. பிற்பகல் இரண்டு மணிக்கு அடையாற்றிலிருந்து ஒருவர் சைக்கிளில் நனைந்துகொண்டு வந்தார். விசாலத்தின் தங்கை அலமுவுக்கு அடுத்த வீட்டுக்காரர். அலமு கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாளாம். காலை அசைக்க முடியவில்லை, பேச்சும் குழறுகிறதாம். புருஷன் கும்பகோணத்தில். ராஜுவோ தசராவுக்கு மாமனார் வீடு, காஞ்சிபுரம், அலமாரியோடு. தெருக்கோடி வரை ஓடினேன். ஜட்கா ஒன்றுமில்லை. ரிக்‌ஷாக்காரன், "அம்மாந் தூரமா? இந்த மயையிலயா? போ சாமி" என்று தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டான்.

திரும்பி வந்தால் விசாலம் வண்டிப் பக்கத்தில். மடிசாரை இழுத்துச் செருகியிருக்கிறாள். கையில் கைப்பிடி, குங்குமத்தோடு.

கையை நீட்டினேன். கொடுக்கவில்லை.

"உங்க கை ஆகாது. ஏறி உக்காருங்கோ, நான் சுத்தறேன்."

"உனக்கென்னடி தெரியும்?"

"பன்னெண்டு வருஷமா ஜன்னல்ல நின்னு பாத்துண்டுதானே இருக்கேன். கட்டைவிரலை மத்த விரலோட சேத்து வெச்சுக்கணும். கீழேர்ந்து மேலே இழுக்கணும்."

எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. மயிலாப்பூரில் இதற்கு முன் ஒரு பெண்பிள்ளை இதைச் செய்திருக்கமாட்டாள். ஏறி உட்கார்ந்தேன். அவள் குனிந்தாள், கைப்பிடியைச் சொருகினாள். பிறகு நிமிர்ந்து, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து:

"அந்த லீவரைப் பின்னால தள்ளியாச்சோ? ஆடியில மறந்தாப்ல மறந்துடாதேங்கோ."

தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்தே. பெட்ரோலில் தண்ணீர் என்று அவளும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தள்ளியாச்சு, தள்ளியாச்சு. சுத்து" என்றேன். சொல்லிவிட்டுத்தான் குனிந்து பார்த்தேன்.

தள்ளியிருக்கவில்லை.

"இரு" என்று கத்தினேன். மழையில் காதில் விழுந்ததோ என்னவோ, நின்றாள். தள்ளினேன். இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன். "இப்போ சுத்து."

இரண்டே சுற்று. எனக்கு மூன்று.

அடையாறு பாலத்தில் எதிரே எதுவும் தெரியவில்லை. அவள் வெளியே தலை நீட்டி வழி சொன்னாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தொடையெலும்பு முறிவு, தலையில் அடி பெரிதில்லை. பிழைத்துக்கொள்வாள். இன்று காலை நன்றாகப் பேசினாள், ஆஸ்பத்திரிக் கஞ்சியைத் திட்டினாள்.

விசாலம் சொல்கிறாள், வேண்டுதல் அறுந்துவிட்டதால் முதல் நாளிலிருந்து மறுபடி எண்ணவேண்டும் என்று. நான் மறுத்துப் பேசவில்லை. கைப்பிடியைத் துடைத்து எண்ணெய் போட்டு, நானே கொண்டுபோய்ப் படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

பின் சக்கரம், இடது, காற்றுக் குறைவு.