மெஷினுக்குத் தெரியாத முகம்

அன்புள்ள கலைமணிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் அம்மாவும் சுகந்தானே? கால் வீக்கம் வடிந்ததா? நம் சித்தேரி மலையில் சிக்னல் கிடைக்காததால், ஊருக்கு வரும் ராஜாமணியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே புனேயில் ஒரு வேடிக்கை. கம்பெனி வாசலில் முகம் பார்த்துக் கதவு திறக்கும் மெஷின் வைத்திருக்கிறார்கள். நீ முழுகாமல் இருப்பதால் நான் முடி வெட்டாமல், தாடி எடுக்காமல் இருக்கிறேன் அல்லவா? திங்கட்கிழமை அது என்னை ஆளே தெரியவில்லை என்று வெளியே நிறுத்திவிட்டது.

"ஷேவ் பண்ணிட்டு வாடா, எதுக்கு வம்பு?" என்றான் ராஜாமணி.

"புள்ள பொறக்கட்டும்" என்றேன்.

சூப்பர்வைசர் வந்து புதுப் படம் எடுத்து உள்ளே விட்டார். அதுவரை யாருக்கும் வேண்டாத ஆள் மாதிரி நின்றிருந்தேன்.

நான் தாடி விரதத்தை விடவில்லை, நீ சத்து மாத்திரையை விடாதே. தலை வலித்தாலோ, கண் மங்கினாலோ, பிள்ளை அசைவது குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. வலி வரட்டும் என்று மலையிலேயே காத்திருக்காதே. இந்த வாரமே அம்மாவோடு பஸ் ஏறி, பாப்பிரெட்டிப்பட்டியில் உன் சித்தி வீட்டில் போய் இரு. ஆஸ்பத்திரி பக்கம். ராஜாமணி இங்கே திரும்பி வரும்போது, நான் போர்த்திக்கொள்ள உன் பழைய சேலை ஒன்றை அவனிடம் கொடுத்தனுப்பு.

அவன் செருப்பு மாட்டிவிட்டான், ரயிலுக்கு நேரமாகிறது. சித்தி வீட்டில் சிக்னல் உண்டு. போனதும் கூப்பிடு. நீ பேசி முடித்ததும் போனை வயிற்றின் மேல் வை. மெஷினுக்கு முகம் தெரியாவிட்டால் போகட்டும், பிள்ளைக்கு என் குரலாவது தெரியட்டும்.

உன்
பூவரசன்