நான்கு டிகிரி

மே 28, செவ்வாய்

பெருநாளுக்கு எட்டு நாள். பட்டறை வாசலில் ஒன்பது கார். எல்லோருக்கும் ஊருக்குப் போக வேண்டும், எல்லோருக்கும் இன்றைக்கே வேண்டும். நோன்பு வாயோடு பதில் சொல்லி மாளவில்லை.

மே 30, வியாழன்

ரோஸ்டி அண்ணன் காரைக் கொண்டுவந்தார். இங்கே கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. ஊர் கிளந்தான் பக்கம் மாச்சாங். கார் உள்ளூர் கார், உள்ளே இருப்பது ஜப்பானில் பாதியாக வெட்டிக் கப்பலேற்றிய பழைய வண்டியின் இன்ஜின். 660 சிசி, சின்ன டர்போ, அரை பார் அழுத்தம்தான். எங்கள் முதலாளி யாப் போன வருஷம் பொருத்தியது.

"மேட்டுல செத்துப்போகுது தம்பி. அம்மாவை ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்கே கொண்டுபோகச் சொல்லிட்டாங்க. எனக்கு லீவு மூணாம் தேதிதான். போய் முகத்தப் பாக்கணும்."

பொறி எப்போது விழுகிறது என்று காட்டும் டைமிங் லைட்டைப் பிடித்தேன். ஆறு டிகிரி. அந்த இன்ஜினின் புத்தகத்தில் பத்து. நான்கு டிகிரி தாமதமாகப் பொறி விழுந்தால் மேட்டில் சாகாமல் என்ன செய்யும்?

யாப்பிடம் கேட்டேன். "அது ஜப்பான்காரன் ஊரு பெட்ரோலுக்கு. இங்க ஆறு போதும், ஏத்தாத." வேறொரு காரின் அடியிலிருந்து கால் மட்டும் பேசியது. கணக்கு எங்கே? காரணம் எங்கே? மூன்று வருஷம் பாலிடெக்னிக்கில் படித்தது காலுக்குத் தலையாட்டவா?

ஜூன் 1, சனி

பத்து வைத்தேன்.

காலை ஆறரைக்கு நான் மட்டும் ஓட்டிப் பார்த்தேன். காலி ரோடு, குளிர்ந்த காற்று. பறந்தது. இன்ஜினுக்குள் தட்டும் நாக் சத்தம் துளிகூட இல்லை. உள்ளே ஏதாவது கெட்டால் முதலில் பொறி பிளக்கில்தான் தெரியும், கழற்றிப் பார்த்திருக்கலாம். வரிசையில் இன்னும் ஆறு கார் நின்றது.

ரோஸ்டி அண்ணன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "டேய், இது என் வண்டிதானா? பொண்டாட்டிகிட்ட புது வண்டின்னு சொல்லிடுவேன்" என்றார். யாப்பிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்றேன்.

ஜூன் 3, திங்கள்

விடிகாலை கிளம்பிவிட்டார்கள். அவர், மனைவி மஸ்னி அக்கா, மூன்று பிள்ளைகள்.

பதினொன்றரைக்கு மஸ்னி அக்கா போன். "தம்பி, மேடு ஏறும்போது தகர டப்பாவுல கல்லு போட்டுக் குலுக்குற மாதிரி ஒரு சத்தம். நிறுத்தச் சொல்லவா?"

கையில் கிளட்ச் பிளேட். பின்னால் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். "அஞ்சு பேரு, அத்தனை மூட்டை... பின்னாடி சாமான் ஆடும்க்கா. நிறுத்தாதீங்க, போங்க" என்றேன்.

மூன்று மணிக்கு ரோஸ்டி அண்ணன் செய்தி: ஊருக்கு இன்னும் இரண்டு மணி நேரம், குவா மூசாங் தாண்டி ஏற்றத்தில் நின்றுவிட்டது. ஒரே வெள்ளைப் புகை. இழுவை லாரி கிடைக்கவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

நேற்று மாலை அவர் அம்மா போய்விட்டார். அந்தி நேர மக்ரிப் தொழுகை முடிந்ததும் அடக்கம் செய்துவிட்டார்கள். ரோஸ்டி அண்ணன் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது.

ஜூன் 5, புதன். பெருநாள்

தொழுகை முடிந்து வந்ததும் அவரே போன் செய்தார். பெருநாளன்று எல்லோரும் எல்லோரிடமும் கேட்பதுதான். "தெரிஞ்சு செஞ்சது, தெரியாம செஞ்சது எல்லாத்துக்கும் மன்னிச்சிடு தம்பி. அவசரப்படுத்தி உன்னைப் படுத்திட்டேன். வழியில கெடச்ச மட்டமான பெட்ரோல ஊத்தினேன், அதான் வினை."

நானும் அதே வார்த்தைகளைத் திருப்பிச் சொன்னேன். எல்லாத்துக்கும் மன்னிச்சிடுங்கண்ணே.

எல்லாத்துக்குமா? எதுக்குடா? அந்த ஒண்ணச் சொல்லாம எல்லாத்துக்கும்னா என்ன அர்த்தம்? ஆயிரம் பேர் இன்னிக்கு இதையேதான் சொல்றாங்க —

சாப்பிட உட்கார்ந்தேன். ரெண்டாங் கறித் தட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

கார் லாரியில் வந்தது. நானே பிரித்தேன். இரண்டாவது பிஸ்டனின் ஓரம் எலி கொறித்ததுபோல் தின்னப்பட்டிருந்தது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பொடிப்பொடியாக அலுமினியம். சனிக்கிழமையே பார்த்திருந்தால் ஒரு புள்ளியாவது தெரிந்திருக்கும்.

ஐந்து பேர், மூட்டை, ஏசி, நெரிசலில் வெந்த இன்ஜின், டர்போ அனுப்பும் சுடுகாற்று, விடாத ஏற்றம். பொறி சீக்கிரம் விழுந்தால் மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனின் தலையிலேயே அழுத்தம் விழும். எரியாமல் மிஞ்சிய பெட்ரோல் தானாக வெடிக்கும். இதைத்தான் மூன்று வருஷம் படித்தேன். காலி ரோட்டில் தனியாக ஓட்டிவிட்டு 'நாக் இல்லை' என்று எழுதியவன் நான்தான்.

டைமிங் நகர்ந்திருந்த குறியை யாப் பார்த்தார். "யார் ஏத்துனது?"

"நான்."

"அவருகிட்ட யார் சொல்றது?"

"நான்."

"சொல்லு. படிச்ச வாயி, தெளிவா வரும்."

ஜூன் 11, செவ்வாய்

தொழிற்சாலை வாசலில் காத்திருந்து சொன்னேன். பெட்ரோல் இல்லண்ணே, நான். டைமிங்க ஏத்தினேன், பிளக்கப் பாக்கல, அக்கா போன் பண்ணப்ப நிறுத்தச் சொல்லியிருக்கணும்.

அவர் தொழிற்சாலை அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே கேட்டார்.

"நீ தொடாம விட்டிருந்தா போய்ச் சேந்திருப்பேனா?"

"மெதுவா போயிருப்பீங்க. சேந்திருப்பீங்க."

"அம்மா சாயங்காலம் வரைக்கும் கண்ண முழிச்சிருந்தாங்களாம்." அவ்வளவுதான். சங்கு ஊதியது, உள்ளே போய்விட்டார்.

ஜூன் 20, வியாழன்

வேறு பிஸ்டன் போட்டு ஓடவிட்டேன். ஆறு டிகிரி. பின்சீட்டில் அரிசி மூட்டைகளை அடுக்கி, ஏசி போட்டு, மதியம் இரண்டு மணிக்கு கெந்திங் செம்பா மேட்டில் ஏற்றினேன். மேலே நிறுத்தி, சூட்டோடு பிளக்குகளைக் கழற்றினேன். சுத்தம். விரல் வெந்துவிட்டது.

ஜூன் 22, சனி

ரோஸ்டி அண்ணன் காரை எடுக்க வந்தார், ஒரு கூட்டாளியோடு. அந்த ஆளும் மெக்கானிக். என்னிடம் ஒன்றும் கேட்காமல் லைட்டை மாட்டிப் பார்த்தான், பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தான். "சரியா இருக்கு" என்று அவரிடம் சொன்னான். நான் ஓரமாக நின்றேன். நின்றுதானே ஆக வேண்டும்.

போகும்போது கூட்டாளி கை கொடுத்து, மனசார ஏற்றுக்கொண்டேன் என்பதற்கு இங்கே வழக்கம்போல், அந்தக் கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டான். ரோஸ்டி அண்ணனும் கையை நீட்டினார். தொட்டேன். அவர் கை அப்படியே சாவிக்குப் போனது. கார் திரும்பி ரோட்டில் ஏறும்வரை, என் கை மட்டும் என் நெஞ்சில் இருந்தது.